பச்சை லோரி வேண்டாம்

அலோர்காஜா,
9 மார்ச் 1952

அன்புள்ள அத்தானுக்கு,

கோமளா எழுதுகிறேன். இங்கே அத்தையும் தங்கையாவும் நானும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் சண்டை என்றால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ஊசி தொடர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருமலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் எழுதாமல் விடுவதையும் நான் படித்துவிடுவேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கட்டளைகள் இருந்தன. நம் டிரெய்லரை இழுக்க ராணுவத்தார் கழித்துவிட்ட பச்சை லோரியை வாங்கு, இல்லையென்றால் டிரெய்லரை விற்றுவிடு. மன்னியுங்கள், இரண்டையும் நான் செய்யவில்லை. முழுவதும் படித்த பிறகு கோபப்படுங்கள்.

நம் பழைய வேன் உயிரை விட்டதிலிருந்து டிரெய்லர் ரம்புத்தான் மரத்தடியில் நிற்கிறது. குடியுரிமைக்குப் படம், கல்யாணத்துக்குப் படம் என்று எஸ்டேட்டுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வருகிறது. ஊரடங்குக்குள் போய்த் திரும்ப முடியாத தூரம். எஸ்டேட் வேலிக்குள்ளேயே இரவு தங்கி, அங்கேயே படம் கழுவிக் கொடுக்க அந்தச் சக்கர வீடு இல்லாவிட்டால் நமக்குத் தொழில் இல்லை. நாம் இன்னும் தாமதித்தால் மலாக்கா டவுனில் இருந்து வேறு யாராவது போய்விடுவார்கள். அதனால் நானே வண்டி தேடக் கிளம்பினேன். உங்கள் தம்பி தங்கையாதான் ஓட்டினான்.

பத்து பெரண்டாம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் கந்தசாமி அண்ணன் முதலில் ஒரு பிக்கப்பைக் காட்டினார். பார்க்க அழகு. ஏற்றத்தில் இழுத்தும் விட்டது. இறக்கத்தில்தான் டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்க மிதிக்க, எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. இறங்கியதும் தங்கையா, “அண்ணி, நான் ஓட்டினேனா, அது என்னை ஓட்டிச்சா?” என்றான். இழுப்பதைவிட நிறுத்துவது பெரிய விஷயம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

அடுத்தது நீங்கள் சொன்ன பச்சை லோரி. கந்தசாமி அண்ணன் அதன் முகப்பைத் தட்டி, “இது லோரி இல்ல லா தங்கச்சி, யானை! உன் டிரெய்லர் என்னா, ரெம்பியா பாசார்க் கடைங்களையே கட்டி இழுக்கும்” என்றார். பொய்யில்லை. ஏற்றம், இறக்கம், சேறு எதற்கும் அசையவில்லை. தங்கையா என் காதோரம், “பேரம் பேசாதீங்க அண்ணி, அவரு மனசு மாறிடப் போவுது” என்றான். நானும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்தது போதாது, ஒருநாள் வேலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

லூபோக் சீனா ஊரைத் தாண்டி, நாம் போன தீபாவளிக்குப் படம் எடுத்த அதே எஸ்டேட். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தோம். உள்ளே நுழைந்தால் லயத்து வீடுகளில் ஒரு சத்தம் இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆண்கள் அடையாளக் கார்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். கங்காணி ராமையா, காக்கி அரைக்காற்சட்டை போட்டிருந்த தங்கையாவிடம் ஓடி வந்து, “எல்லாரும் இருக்காங்க சார், ஒருத்தரும் வெளிய போகல சார்” என்றார். நான் இறங்கி முக்காட்டை விலக்கிய பிறகுதான் ஒரு கதவு திறந்தது. மீனம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏண்டி தங்கச்சி, நீயா? பட்டாளத்து லோரில வந்து எறங்குனா நாங்க என்னான்னு நெனைக்கறது? காட்டுக்காரனுக்கு அரிசி குடுக்கறோமான்னு சோதனை போட வர்றாங்கன்னு நெனச்சு, இருந்ததையெல்லாம் கொல்லையில ஒளிச்சிட்டேன். இப்ப எங்க வச்சேன்னே தெரியல!”

எல்லாரும் சிரித்தார்கள். பாதி லயம் சேர்ந்து அந்த அரிசியைத் தேடியது. நானும் சிரித்தேன். பிறகு பவுடர் பூசிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் டிரெய்லருக்குள் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒருவர்கூட காமிராவைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் என் தோளுக்குப் பின்னால், லோரி நின்ற பக்கம். பெண் என்பதால் என் முன்னால் கூச்சமில்லாமல் உட்காருகிறார்கள் என்று எவ்வளவு பெருமைப்பட்டிருப்பேன்! அந்த முகங்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மறுபடி வந்து எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றான் தங்கையா. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் நின்ற மலாய்க்கார போலீஸ்காரர், காட்டு விளிம்பில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்கு வண்டியின் உருவம்தான் தெரியும், நிறமா தெரியப் போகிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். லயத்தார் பயப்படுகிற, காட்டில் இருப்பவன் குறிவைக்கிற வண்டியில் போய் நான் யாரைச் சிரிக்கச் சொல்வேன்?

நான் வாங்கியிருப்பது ரெம்பியா வடிவேலு அண்ணனின் நீல லோரி. எஸ்டேட்டுகளுக்கு அன்னாசி ஏற்றிப்போன அதே வண்டிதான். உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். ஆனால் அதன் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் ஓடி ஒளியமாட்டார்கள், ஓடி வருவார்கள். பிரேக்கையும் டிரெய்லரை மாட்டும் கொக்கியையும் கந்தசாமி அண்ணனையே பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பச்சை லோரி விற்காத வருத்தத்திலும் ஒழுங்காகத்தான் பார்த்துக் கொடுத்தார்.

முதல் ஓட்டத்தில் அது பாதி மேட்டில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது, மறைக்கவில்லை. தங்கையா சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, “கெழவன் அண்ணி இவன். அன்னாசிதான் இழுப்பான், நம்மள இழுக்கமாட்டான்” என்றான். மேட்டில் நின்றபடி யோசித்தேன். இத்தனை நாளாக எல்லாரும் லோரியின் பலத்தைத்தான் பார்த்தோம். டிரெய்லரின் கனத்தை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதைக் காலி செய்ய ஆரம்பித்தோம். தண்ணீர்த் தொட்டி போயிற்று. எஸ்டேட்டில் குழாய் இருக்கிறது. கண்ணாடி வைத்த தேக்கு அலமாரி போயிற்று. என் புத்தகப் பெட்டி அத்தையின் கட்டிலுக்கடியில் போயிற்று. “என்னைத் தாண்டி புத்தகத்த எடுக்க முடியாது, இனிமேலாவது கொழம்பு அடிப்பிடிக்காது” என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். இரண்டு புத்தகங்களை மட்டும் காமிராப் பெட்டியில் செருகிவிட்டேன், சொல்லிவிடாதீர்கள்.

அப்படியும் கனம் குறைய வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தது அந்த இரண்டு இரும்புக் கட்டில்கள். தங்கையா நேரே ஜன்னலோரத்துக் கட்டிலில் கை வைத்தான். “அண்ணன் வர்ற வரைக்கும் இது எதுக்கு அண்ணி, சும்மா கெடக்குது” என்றான். அவன் மனதில் ஒன்றுமில்லை. அவன் குழந்தை மாதிரி. அதை விடு, என் கட்டிலை எடு என்றேன். அவன் ஸ்பானரை எடுத்து என் கட்டிலைக் கழற்றினான்.

மறுநாள் அதே மேட்டில் முதல் கியரில் ஏறிவிட்டோம். தலைச்சுமையோடு நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்க கியரைத் தளர்த்திவிடும் பழக்கம் தங்கையாவுக்கு உண்டல்லவா? அம்மன் கோவில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்குகிறோம். பயப்படாதீர்கள்.

வரும் ஞாயிறு மறுபடி அந்த எஸ்டேட்டுக்குப் போகிறோம். நான் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். எனக்கு அது பழக்கம்தான். உங்கள் கட்டிலுக்குப் புது உறை தைத்துப் போட்டிருக்கிறேன்.

உங்களுக்குக் கொடுக்கிற முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுகிறீர்களாம், கேள்விப்பட்டேன். நீங்களே சாப்பிடுங்கள். ஊசியை ஒருநாளும் தவறவிடாதீர்கள். டிரெய்லரை விற்றுவிடு என்று மட்டும் இனி எழுதாதீர்கள், அத்தான். எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

உங்கள்
கோமளா