வெளியே தொங்கிய சென்சார்

ஆகஸ்ட் 2, சனி இரவு

1. ஜூலை 27: கம்பம் ஊரிலுள்ள என் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியின் ஹீட்டரையும் பம்பையும் நானே கன்ட்ரோலரில் இணைத்திருப்பதைக் கண்ட தேனி வளர்ப்பு மீன்கடைக்காரர் செல்வம், "கம்பத்துல எதுக்கு சார் கடலு?" என்று சிரித்தார்.

2. ஜூலை 31: தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க வந்த செல்வம், தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுப் போனார். "ஒயர் தண்ணிக்குள்ளயே கெடந்தா கெட்டுப்போகும்ல சார்?" என்பது அவர் தந்த விளக்கம்.

3. இன்று: "மீனு பொழச்சது நம்ம கைராசி சார். கடைக்கு வந்தவுககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்" என்றார்.

ஜூலை 31 அன்று சென்சார் அளந்தது குளிர்ந்த ஆடிக் காற்றை. தண்ணீர் குளிர்ந்துவிட்டதென நம்பிய கன்ட்ரோலர் ஹீட்டரை இயக்கியது. நான் கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் அணையாதிருந்தால் மாலைக்குள் இரண்டு மீன்களும், மூன்றாண்டுகள் வளர்த்த பவளமும் வெந்திருக்கும். ஆனால் சென்சார் தவறாகச் சொல்லும் நாளும் வரக்கூடும் என்று நான் முன்பே எண்ணியிருந்தேன். அது என்ன சொன்னாலும் ஹீட்டர் தொடர்ந்து அரைமணிக்கு மேல் ஓடக் கூடாது என்று கன்ட்ரோலரில் ஒரு விதி எழுதியிருந்தேன். அரைமணியில் ஹீட்டர் அணைந்தது. எச்சரிக்கையாக என் கைபேசியும் ஒலித்தது. நான் இதுவரை எழுதியவற்றுள் அந்த ஒரு வரியே சிறந்தது. இங்கே அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

"மீனு செத்திருந்தாக்கூட இம்புட்டுக் கோவம் வந்திருக்காது உங்களுக்கு" என்றாள் மனைவி.

நாளை செல்வத்துக்குக் கடிதம் அனுப்புவேன். மீன்களைக் காத்தது என் விதியே என்று, வரும் புதன் மாலை ஐந்து மணிக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். அதன் நகலைக் கடை வாசலில் ஒட்டவும் வேண்டும்.