காதைப் பிடித்து இழுக்கும் வயது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் பேத்தி உருண்டையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. போனில் பேசியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. குழந்தை ஓயாமல் காதைப் பிடித்து இழுக்கிறாள், காது சரியாகட்டும், பிறகு டிக்கெட் எடுக்கலாம் என்று சொன்னாய். சரிம்மா என்றேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பல் முளைக்கிறது என்றாள், மாடிவீட்டு வாத்தியார் சளி என்றார், உன் அத்தை இருக்கிறாளே, "அப்பன மாதிரியே காது பெருசு, அதான் கைக்கு எட்டுது" என்று மாப்பிள்ளையை வாரினாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மூக்குக்கண்ணாடிக் கடைதான். காதில் மாட்டும் கால் வளைந்துபோன கண்ணாடியோடு ஒரு பெண் வந்து நின்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். கண்ணாடி, மூக்கு, சங்கிலி, தலைமுடி, எது அகப்பட்டாலும் பிடிக்கிற வயது, பிடித்ததை விடத் தெரியாத வயது. தலையோரம் இப்படி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று தன் காதையும் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். தூக்கம் வந்தாலும் இழுப்பார்கள், ஈறு நமநமத்தாலும் இழுப்பார்கள். நீ இழுக்காததா, உன் வலது காது எப்போதும் சிவந்தேதான் இருக்கும்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றதாக நீயே சொன்னாய். காய்ச்சல் இல்லை, காதில் நீர் வடியவில்லை, பாலும் குடிக்கிறாள். ஆனால் நான் எழுதுவதை முழுசாக நம்பிவிடாதே. நீ வர வேண்டும் என்ற ஆசையில் எனக்கு எல்லாமே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். டாக்டரிடமே இன்னொரு தரம் போய், விமானத்தில் கூட்டிப்போகலாமா என்று நேராகக் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். போகலாம் என்றால் மட்டும் தள்ளிப்போடாதே கண்ணு. கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேனே, இந்த வயதில் யாரைக் கண்டாலும் தாவி மூக்கைப் பிடிக்கும். இரண்டு மூன்று மாதம் போனால் அதே பிள்ளை என்னைப் பார்த்ததும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிடும். ஊரார் பிள்ளை அழுதால் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ முடுக்குவேன். உருண்டை என்னைப் பார்த்து அப்படி அழுதால் தாங்கமாட்டேன். ஆள் பார்க்காமல் கை நீட்டுகிற இந்தக் காலத்திலேயே அவளை ஒரு தடவை என் கையில் கொடுத்துவிடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அவள் நகத்தை வெட்ட மறக்காதே, காதோரம் கீறிக்கொள்வாள். அம்மா இதைப் படித்துவிட்டு, "புள்ளைய எதுக்கு அவசரப்படுத்துறீங்க, கையில கொடுன்னு எழுதினத அடிச்சிட்டு, மெதுவா வரட்டும்னு எழுதுங்க" என்றாள். மெதுவாகவே வாருங்கள். எழுதிவிட்டேன். மற்றதை அடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா