ரிஸ்னா அழுத்தாத பொத்தான்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கண்டியில் நான் நடத்தும் மின்கட்டுப்பாட்டு வகுப்பில் இன்று செய்முறைப் பரீட்சை. வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பனி அதிகாரியும் வந்திருந்தார். பயிற்சித் திரையில், புயலில் அறுந்த ஒரு மின் லைன். "மின்சாரம் நின்றுவிட்டது, ஊழியரைக் கம்பத்தில் ஏற்றலாம்" என்று செயற்கை நுண்ணறிவு காட்டியது. மற்ற ஐந்து பேரும் உடனே அனுமதிப் பொத்தானை அழுத்தினார்கள். திகனயிலிருந்து வரும் ரிஸ்னா மட்டும் அழுத்தவில்லை. களத்தில் ஒருவர் சோதித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

"கம்ப்யூட்டர நம்பாத புள்ளைய எடுத்து என்ன செய்ற?" என்றார் அதிகாரி. நானும் ரிஸ்னாவின் புள்ளித் தாளில் 'சித்தியடையவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பஸ் நிலையம்வரை ரிஸ்னா என்னோடு நடந்தாள்.

"நான் செஞ்சது பிழையா மிஸ்?"

"கொஞ்சம் வேகமா முடிச்சிருக்கலாம், ரிஸ்னா."

"எங்கட வாப்பா லைன்ல வேல செய்றவர் மிஸ். அவர்தான் மேல ஏறுறாருன்டு நெனச்சேன். கை போகல்ல."

வீட்டுக்கு வந்தும் சாப்பிட மனமில்லை. புள்ளித் தாளை நாளை காலை அனுப்ப வேண்டும். நான் எழுதியிருந்ததைச் சற்றுமுன் வெட்டிவிட்டு, 'சித்தியடைந்தாள்' என்று எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: முதலில் உயிரைப் பார்த்தாள்.

அதிகாரி கோபித்து மற்ற ஐந்து பிள்ளைகளையும் எடுக்காமல் விட்டால்? ஆனாலும் வெட்டியது வெட்டியதுதான்.