பெயர் தெரியாத குரலுக்கு ஒரு பொன்னாடை

செப்ரெம்பர் 7, ஞாயிறு

வாணி விழாக் கூட்டம், எங்கள் பிளற்றின் கீழ்த்தளத்தில், பின்னேரம் நாலரைக்கு. வந்தவர்கள்: ஒழுங்கைச் சங்கத் தலைவர் பொன்னம்பலம் அண்ணை, செயலாளர் கிளெமென்ற், இரண்டாம் மாடி பலீலா, முன் பிளற்றிலிருந்து இரண்டு பேர், என் வீட்டுக்காரர் சிவானந்தன், நான். ஏழு பேர். வேறு யாரும் வரவில்லை.

இந்த முறை பொலிசைக் கௌரவிப்பது என்று முடிவு. சந்தோசம்தான். ஆனால் பொன்னாடை பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு மட்டுமாம், "எல்லாரின் சார்பாகவும்". நான் எழும்பினேன்.

"அண்ணை, அண்டைக்கு அவர் லீவிலை. வந்தது கொன்ஸ்ரபிள் விஜேகோன். அவரை அனுப்பினது 119 இலை கதைச்ச பிள்ளை. அவை ரெண்டு பேருக்கும்தான் போர்த்தவேணும்."

"பிள்ளையின்ரை பேர்?"

"தெரியாது."

"பேர் தெரியாத ஆளுக்குப் பொன்னாடையோ? அதுவும் ஒரு போன் கோலுக்கு!"

"ஓம். அந்த ஒரு போன் கோலிலைதான் என்ரை தாலி நிண்டது."

பிறகு அண்ணை சொன்னார்: 25ஆம் திகதி அழைப்பிதழ் அச்சுக்குப் போகும், அதற்கு முன் பெயரும் சம்மதமும் வந்தால் பார்ப்போம். பதினெட்டு நாள்.

மறக்காமல் இருக்க எழுதுகிறேன். ஜூலை 29, செவ்வாய். காலை 6.54க்குப் பொலிசின் அவசர இலக்கமான 119க்கு ரெலிபோன் எடுத்தேன். என் வீட்டுக்காரர் குசினி வாசலில் கிடந்தார், மூச்சில்லை. அந்தப் பிள்ளை தமிழில் சொன்னாள்: "அம்மா, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையும். என்னோட எண்ணுங்க." நான் அழுதபோது, "அழுதுக்கிட்டே எண்ணுங்க, நிப்பாட்ட வேணாம்" என்றாள். ஒழுங்கை வாயிலில் செங்கல் லொறி ஒன்று வழியை அடைத்து நின்றிருக்கிறது. காலி வீதிச் சந்தியில் நின்ற விஜேகோனுக்கு அவள்தான் தகவல் கொடுத்தாள். அவர் லொறியைப் பின்னால் எடுக்க வைத்து, லிப்ற் ஓடாததால் நாலு மாடியும் ஓடி ஏறி, என் கையை விலக்கித் தான் அழுத்தினார். 7.05. அம்புலன்ஸ் 7.10. பதினொரு நிமிடம் அவளும் நானும் மட்டும்.

செப்ரெம்பர் 9

பொலிஸ் நிலையம் போனேன். பலீலாவும் வந்தாள். "பயப்படாதீங்க அக்கா, நம்மளத் தின்னவா போறாங்க" என்றாள். விஜேகோன் வெட்கப்பட்டார். "அம்மே, எனக்குப் பொன்னாடை வேணாம். லெட்டர் வேணும். பெரிய ஐயா கையெழுத்து இல்லாம நான் மேடைக்கு வர ஏலாது." பொலிஸ்காரர் யாரிடமும் எதுவும் அப்படியே வாங்கக் கூடாதாம். 119இல் அழைப்பு எடுப்பவர்களின் பெயரையும் அவர் சொல்ல மாட்டார். தலைமையகத்துக்கு எழுதவேண்டும். சிங்களத்தில்.

செப்ரெம்பர் 10

சிங்களக் கடிதம் இரண்டு எழுதினேன்: விஜேகோனின் அனுமதிக்கு ஒன்று, அந்தப் பிள்ளையின் பெயர் கேட்டுத் தலைமையகத்துக்கு ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு; சிங்களம் மகளின் பள்ளிப் புத்தகத்தில் நானே படித்தது. நாலு முறை கிழித்தேன். அழைத்த நாள், நேரம், என் இலக்கம் எல்லாம் போட்டேன். வீட்டில் எது நடந்தாலும் கலண்டரில் குறித்து வைப்பேன், இவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. பிழை திருத்தித் தந்தார்.

செப்ரெம்பர் 15

பதில் இல்லை.

செப்ரெம்பர் 18, வியாழன்

பெரிய பிழை செய்துவிட்டேன்.

பொறுமை கெட்டு 119ஐ அடித்தேன். பெயர் கேட்கத்தான். ஒரு ஆண் குரல், சிங்களத்தில்: என்ன அவசரம்? அவசரம் இல்லை, ஒரு பிள்ளையின் பெயர் வேணும் என்றேன். "அம்மா, இந்த லைனுக்காக இப்ப ஆரோ காத்துக்கொண்டிருப்பினம்" என்ற பொருளில் சொல்லிவிட்டு வைத்தார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் குத்தியது.

அண்டைக்கு நான் அடிக்கேக்கை என்னைப் போலை ஒரு விசரி லைனிலை இருந்திருந்தால்? பிள்ளையாரே, இதென்ன வேலை பாத்தனான்! கற்பூரம் கொளுத்தித் தோப்புக்கரணம் போட்டேன். முழங்கால் நோகிறது. நோகட்டும்.

செப்ரெம்பர் 19

மூன்றாவது கடிதம். பெயர் கேட்கவில்லை, மன்னிப்பு மட்டும். நேற்று 10.20க்கு உங்கள் அவசர இலக்கத்தை வீணாக்கியவள் நான், எத்தனை விநாடி என்று தெரியவில்லை, இனி இந்த ஒழுங்கையில் யாரும் அப்படிச் செய்யாமல் பார்ப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இவர் வாசித்துவிட்டு, "நீர் களவெடுத்திருந்தாலும் நேரம் போட்டு எழுதிக் குடுத்திருப்பீர்" என்றார்.

செப்ரெம்பர் 22, திங்கள்

நவராத்திரி தொடங்கியது. கும்பம் வைத்தேன். விஜேகோனுக்கு அனுமதி வந்துவிட்டது! ஆனால் அடுத்த மாதம் ஐந்தாம் திகதி அவருக்கு மாற்றமாம், அநுராதபுரத்துக்கு. விழா முதலாம் திகதி. தப்பியது.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லை.

செப்ரெம்பர் 24

பொன்னம்பலம் அண்ணை படியில் மறித்தார். "என்ன நாகேஸ், உம்மடை குரல் அகப்பட்டுதோ, இல்லாட்டி அசரீரியோ?" நாளைக்கு அச்சு. சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

செப்ரெம்பர் 25, வியாழன்

காலை 8.40. ரெலிபோன். 119 தலைமையகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி, சிங்களத்தில், ஆறுதலாகக் கதைத்தார். என் மன்னிப்புக் கடிதத்தை ஒவ்வொரு முறைக் கடமைக்காரருக்கும் வாசித்துக் காட்டினார்களாம். அங்கே ஒரு நாளில் எத்தனையோ வீண் அழைப்பு வருமாம். மன்னிப்புக் கேட்டு எழுதியது நான் ஒருத்திதானாம். அதில் என் பெயரையும் இலக்கத்தையும் பார்த்துத்தான் முந்திய கடிதத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

"யோசெப்பின். வத்தளை. முதலாம் திகதி இரண்டு மணிக்குக் கடமை முடியும். வருவாள்."

யோசெப்பின்! நான் இத்தனை நாளும் 'அந்தப் பிள்ளை' என்றுதான் அருச்சனை செய்தேன். நட்சத்திரமும் தெரியாது, பேரும் தெரியாது. ஐயர் பாவம், ஒன்றும் கேட்காமல் செய்தார்.

ஐந்து நிமிடத்தில் கிளெமென்ற் வீட்டுக் கதவில் நின்றேன். அழைப்பிதழில் மூன்று பெயர் போகிறது. மூன்றும் ஒரே அளவு எழுத்தில்.

ஒக்ரோபர் 1, புதன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மண்டபத்தில் எண்பத்தாறு பேர். பூசை முடிந்து கடலையும் அவலும் கொடுத்தோம். பொறுப்பதிகாரிக்கு அண்ணை பொன்னாடை போர்த்தினார். அந்த மனிசன் மைக்கை வாங்கி, "நான் அன்று லீவில் இருந்தேன், இவர்கள் இரண்டு பேருக்கும் நானும் உங்களோடு கை தட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சபையில் இருந்தார். அண்ணையின் முகத்தைப் பார்க்கவேணும்!

விஜேகோனுக்கு இவர் போர்த்தினார். மேடைக்கு மூன்று படி. ஏற வேண்டாம், கீழே நின்று செய்யலாம் என்றேன். "நாலு மாடி ஏறி வந்த மனிசனுக்கு நான் மூண்டு படி ஏறக்கூடாதோ?" ஏறினார். மண்டபம் முழுக்க எழும்பிவிட்டது. பலீலா விசிலடித்தாள், அறுபது வயதில்.

யோசெப்பினுக்கு நான். மெலிந்த பிள்ளை, சீருடையோடு வந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். நான் போர்த்தியதும் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. லைன் கட் ஆனா அவ்வளவுதான். ஐயா எழும்பிட்டாரான்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்." ரெண்டு பேரும் அழுதோம். யார் பார்த்தால் எனக்கென்ன.

பேசச் சொன்னார்கள். பேச்சு வராது என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்குச் செய்த மரியாதைக்குப் பதிலா ஒண்ணு கேக்கிறேன். எல்லாரும் கதிரைக் குஷனை எடுத்து நிலத்துல வைங்க."

எண்பத்தாறு பேரும் முழங்காலில். பட்டுச் சேலையோடு, வேட்டியோடு, பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு. மேடையில் சரஸ்வதி, பக்கத்தில் நின்று யோசெப்பின் எண்ணுகிறாள். குஷனை அழுத்தி அழுத்தி நாங்களும்: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு! சத்தம் ஒழுங்கைக்குப் போய், கடற்கரைப் பக்கம் போன ஆட்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். அண்ணை முழங்கையை மடித்து அழுத்துகிறார். யோசெப்பின் மேடையிலிருந்து, "வெள்ளை வேட்டி ஐயா, கையை நேரா வைங்க, ரொட்டிக்கு மாப் பிசையல!" என்றாள். மண்டபமே சிரித்தது. அண்ணையும்.

நல்லாத்தான் அழுத்தினார், பிறகு.

தாயே, வேறென்ன கேட்பேன்.

ஒக்ரோபர் 5

விஜேகோன் போகும் வழியில் வந்தார். லிப்ற் இன்னும் ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு தோசை நாலு சாப்பிட்டார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மூன்று நாளாகப் பொன்னம்பலம் அண்ணை கொப்பியோடு கதவு கதவாகப் போய், பழக விரும்பும் ஆட்களின் பெயரை எழுதி எடுத்தார். முதல் பெயர் அவருடையது. 119 பெண் அதிகாரிக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்: "நீர் எழுதினால்தான் அங்கை வாசிப்பினம்." நாளை தபாலில் போகும் கடிதத்தின் தமிழ்ப் பிரதி:

மதிப்புக்குரிய அம்மா,

எங்கள் ஒழுங்கையில் நாற்பத்து மூன்று பேர் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை ஒழுங்காகப் பழக விரும்புகிறோம். பெயர், வயது, மாடி இலக்கம் இத்துடன். செல்வி யோசெப்பினை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி உதவுங்கள். அவருக்குக் கடமை இல்லாத எந்த ஞாயிறும் எங்களுக்குச் சரி. மண்டபத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டியிருப்பதால், திகதியை விரைவில் அறியத் தாருங்கள்.

நாகேஸ்வரி சிவானந்தன்