காவ்யாவின் விண்ணப்பம்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

இன்டர்ன்ஷிப் முடிக்காமல் இந்த செமஸ்டர் நகராது என்று பிளேஸ்மென்ட் ரகுநாதன் சார் இன்றும் சொன்னார். பதினொரு கம்பெனிக்கு மெயில் போட்டாயிற்று. ஒரு பதில் இல்லை. அப்பா, "எங்க ஃபேக்டரியில யார்கிட்டயாவது விசாரிக்கட்டுமா ஷோபனா?" என்றார். வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

25 ஏப்ரல், வெள்ளி

அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக்கருவி செய்யும் கம்பெனி ஒன்று ஆள் கேட்டிருப்பதாகக் காலையில் நோட்டீஸ். போன வருடம் ஒருவரைத்தான் எடுத்தார்கள். விண்ணப்பம் இன்று மாலை ஐந்துக்குள்.

என் வகுப்புத் தோழி காவ்யாவின் போன் திரை நொறுங்கிக் கிடக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. பென் டிரைவை என் கையில் திணித்து, "உன்னுது போடசொல்லோ என்னுதும் போட்டுடு ஷோபி. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணும்" என்று ஓடினாள்.

என்னுடையதை அனுப்பினேன். அவளுடையதைத் திறந்தேன். மதிப்பெண் சராசரி 8.7. எனக்கு 7.2.

நாலு நாற்பது. நாலு ஐம்பது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

தன் அம்மாவின் போனிலிருந்து காவ்யா கூப்பிட்டாள். "போட்டுட்டியாடி?"

"போட்டுட்டேன்."

26 ஏப்ரல்

மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மறக்கவில்லையே.

30 ஏப்ரல், புதன்

எனக்குக் கிடைத்துவிட்டது. அம்மா கேசரி கிளறினாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் லைப்ரரியில் காவ்யா தன் ரெஸ்யூமை என் முன்னால் விரித்தாள். "என்னுதுல இன்னா தப்புடி? இங்கிலீஷா? கொஞ்சம் பாத்து சொல்லேன்." ஒரு தப்பும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இரண்டு வரியை மாற்றச் சொன்னேன். நன்றாக இருந்த வரிகள். அவள் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டாள்.

சீ.

3 மே, சனி

காவ்யா ரெஸ்யூமை இருபது பிரதி எடுத்துக்கொண்டு எஸ்டேட் முழுக்க கேட் கேட்டாக ஏறி இறங்கியிருக்கிறாள். "ஒரு எடத்துல வாட்ச்மேனே வாங்கி மேசைல போட்டுகினான். இன்னொருத்தன், இங்க லேடீஸ் பாத்ரூம் இல்லம்மான்றான்" என்று சிரித்தாள். செருப்பு கடித்து குதிகால் புண்ணாகியிருந்தது. நானும் சிரித்தேன். எப்படி முடிந்தது என்னால்?

5 மே, திங்கள்

முதல் நாள். எங்கள் கல்லூரியிலிருந்து நானும் விஷாலும் மட்டும். கையெழுத்து வாங்கும்போது ஹெச்.ஆர். அருள்மொழி மேடம் சொன்னார்: "உங்க காலேஜ்லேர்ந்து மூணு பேர் எடுக்கலாம்னு இருந்தோம். ரெண்டே அப்ளிகேஷன்தான் வந்துச்சு. எல்லாரும் ஐடிக்கே போறாங்க போல."

மூன்று இடம். மூன்று!

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்து கேட்டேன்: "என் ஃப்ரெண்ட் ஒருத்தி இருக்கா மேடம். இப்ப அனுப்பினா பாப்பீங்களா?"

"புதன்கிழமைக்குள்ள வரட்டும்."

புதிதாக ஒரு இடம் காலியாகியிருக்கிறது என்று சொன்னால் போதும். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு சுலபம். அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

6 மே, செவ்வாய்

வேலை முடிந்து நூம்பலில் காவ்யா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வேம்புலியம்மாள் மோர் கொடுத்தார். இன்னும் இருமல் நிற்கவில்லை. "இந்தப் பொண்ணுக்கு எல்லாமே நீதாம்மா பண்ற. பெத்தவ எனக்கு இன்னா தெரியும்?" என்றார். தயாராக வைத்திருந்த பொய் அங்கேயே செத்தது. காவ்யாவைத் தெருவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். 8.7 வரைக்கும்.

அவள் கத்தவில்லை. "போட்டுட்டேன்னு சொன்னியே" என்றாள்.

"சொன்னேன்."

"என் இங்கிலீஷ்தான் சரியில்லனு நெனச்சு அழுதுகினு இருந்தேன்டி. உனக்கு உங்கப்பா கீறாரு, லேப்டாப் கீது. எனக்கு நீதான இருந்த?"

மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கிக்கொண்டாளா, தெரியாது. "எந்த மெயிலுக்கு அனுப்பணும்?" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நான் இங்கேயே லேப்டாப்பில்— என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். நானே பாத்துக்கறேன். நீ கெளம்பு."

8 மே, வியாழன்

குமணன்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானே அனுப்பியிருக்கிறாள். இன்று சேர்ந்துவிட்டாள். விஷால் சொல்லித்தான் தெரியும். சாப்பிடும்போது கடைசி மேசைக்குப் போய்விட்டாள். விஷால், "இன்னா காவ்யா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று அவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "ஒண்ணுமில்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

15 மே

பேசவில்லை.

21 மே, புதன்

மேடம் அவளைப் பாராட்டினார். நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் — முக்கால்வாசி. மீதி கால்வாசியை இங்கே எழுதாமல் விட்டால் இந்த நோட்டிலும் பொய்தான்.

30 மே, வெள்ளி

விடும் நேரத்துக்குச் சடாரென்று கோடை மழை. கேட்டருகே செக்யூரிட்டி கூரைக்கு அடியில் நான் மட்டும் நின்றிருந்தேன். காவ்யா ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். வேறு இடம் இல்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த ரெண்டாவது பேட்ச் மீட்டருங்க ரீடிங் எல்லாம் எடுத்துட்டியா?" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. இருபத்துநாலு நாள் கழித்து.

"எடுத்துட்டேன்."

"ம்." துப்பட்டாவைப் பிழிந்தாள். "திங்கக்கெழம நானும் ஒருதபா எடுத்துப் பாக்கறேன்."

"பாரு காவ்யா" என்றேன்.

மழை விட்டதும் அவள் பஸ்ஸுக்கு அவள் போனாள்.