மடத்துச் சுவரும் தூக்குக்குண்டும்

ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். படகில் தீவுக்கு. கம்பெனி என்னைக் கொத்து வேலைக்கு மூன்று வாரம் இங்கே போட்டிருக்கிறது. மணலுக்கடியில் கிடந்த கிறிஸ்தவத் துறவி மடம், ஆயிரம் வருஷத்துக்கும் மேலே. ஆராய்ச்சி மேடம் சுற்றிக் காட்டினார். கிழக்கே பார்த்த கோயில், சுண்ணாம்புத் தரை, ரொட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆளுக்கொரு குறுகல் அறை. எல்லாம் ஆண்கள், பொதுச் சாப்பாடு. நம் லேபர் கேம்ப்தான், ஏசி மட்டும் இல்லை.

என் கையாள் சேகர்: "அண்ணே, ஒங்களுக்கும் இங்கயே ஒரு ரூம் பாத்துருவமா?"

கொழுப்பு. முப்பத்தாறு வயதில் இப்போதுதான் பெண் அமைந்திருக்கிறது. அறந்தாங்கி செல்வி. அடுத்த மாதம் கல்யாணம். சுவர் வேலை முடிந்ததென்று மேடம் எழுதினால்தான் லீவு.

திங்கள்
மேடம் இரண்டு நாள் அபுதாபியில். சொல்லிவிட்டுப் போனது: வடக்குச் சுவரில் ஆடும் கற்களைச் சுண்ணாம்பு வைத்து நிறுத்து, சிமெண்ட் மாஃபி, கூடவே கூடாது.

சும்மா தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நாலு விரக்கடை சாய்வு! சாமியார்கள் கண்ணை மூடிக்கொண்டே கட்டினார்களா?

செவ்வாய்
பொறுக்கவில்லை. மேல் ஐந்து வரிசையைப் பிரித்து, நூல் கட்டி நேராக ஏற்றிவிட்டேன். ரசமட்டத்துக் குமிழி அப்படியே நடுவில் நின்றது. ஒரே பெருமை.

புதன்
மேடம் வந்தார். பார்த்தார். மணலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஃபோர்மேன் பாய் ஹிந்தியில் விளக்கினார். கட்டியது கொத்தனார் இல்லையாம், துறவிகளே கல் சுமந்து கட்டினார்களாம். அந்தக் கோணல்தான் அதற்குச் சாட்சி. இங்கே சண்டை இல்லை, தீ இல்லை; ஒரு காலத்தில் எல்லோரும் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் கை வைத்த முதல் ஆள் நான்.

பழைய போட்டோக்கள் கொடுத்தார்கள், கல்லுக்குக் கல் நம்பர். பழைய கோணல் வந்தால்தான் லீவு.

வியாழன், வெள்ளி
கை தானாக நேராக்குகிறது. சேகர் தூக்குக்குண்டை ஒளித்துவைத்துவிட்டான். ஒரே கல்லை ஏழு தடவை பிரித்தேன். வெள்ளி மத்தியானம் அழுகை வந்துவிட்டது. வேர்வை என்றேன்.

சனி
மேடம் போட்டோவை வைத்து ஒரு மணி நேரம் அளந்தார். ஓகே. கையெழுத்து!

செல்வியின் அப்பா அறந்தாங்கியில் பேர்போன கொத்தனார். மாப்பிள்ளை வேலையைப் பார்க்கணும் என்று போட்டோ கேட்டார். மறைக்க மனசு வரவில்லை, கோணல் சுவரையே அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் இல்லை. லீவு கிடைத்தது, பெண் போச்சு.

சாயங்காலம் செல்வியே கூப்பிட்டாள். பயந்துகொண்டே முழுக்கதையும் சொன்னேன்.

"நேரா கட்டத் தெரிஞ்ச கையி இம்புட்டுக் கோணலா கட்டிருக்குன்னா, அது எனக்காகத்தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க கெளம்பி வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நம்ம வீட்டுச் சுவரை மட்டும் அவரே கட்டட்டும்."