88ஆம் பக்கத்தில் விடுபட்ட நானூற்று எழுபது டன்

அனுப்புநர்:
பயிர்ப் பரப்பு அளவையாளர் (ஓய்வு),
வாய்க்கால் தெரு, மேற்குக் கரை,
தலைநகர் வட்டாரம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வேளாண் புள்ளிவிவர அலுவலகம்,
தலைநகரம்.

பொருள்: தலைநகர் வட்டாரத்தில் விவசாயம் இன்னும் நடைபெறுவதைத் தெரிவித்தல் – வாய்க்கால் நீரை நிறுத்தாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் பதினான்காம் தேதி, தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில் மூன்று அதிகாரிகளும் ஒரு தட்டச்சரும் கூடி, ஆண்டறிக்கையின் 88ஆம் பக்க வரைபடத்தில் எங்கள் வட்டாரத்துக்குரிய பச்சை வண்ணத்தைச் சாம்பல் வண்ணமாக மாற்றுவதென ஒருமனதாக முடிவெடுத்தனர். இதனால் பச்சை மை மிச்சமாகும் என்பதும் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது. நாட்டின் புவியியலில் இவ்வளவு பெரிய மாற்றம், தேநீர் இடைவேளை உட்பட நாற்பது நிமிடங்களில் நிகழ்ந்தது இதுவே முதல் முறை.

2. வரைபடத்தின் கீழுள்ள அட்டவணையில் எங்கள் விளைச்சல் 'ஆயிரம் டன்னில்: 0' என்றிருக்கிறது. விளைச்சல் இல்லாத வட்டாரத்துக்குப் பாசன நீர் இல்லை என்பது விதி. எனவே ஒன்றாம் தேதி முதல் மேற்குக் கரை மதகை மூட உத்தரவு வந்துள்ளது. நேரில் கேட்டதற்கு நீர்ப்பாசனப் பொறியாளர் சொன்னது: "நான் என்ன சார் பண்றது? டேபிள்ல சைபர்னு போட்டிருக்கு. சைபருக்கு எந்தக் கணக்குல தண்ணி விடறது, நீங்களே சொல்லுங்க." அவர் மரியாதையாகவே பேசினார். நாற்காலியும் கொடுத்தார்.

3. எங்கள் வட்டாரம் மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த அகன்ற தட்டு. எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு இரண்டு நாள் ஆகும். அதனால் மீனும் உப்பும் நீங்கலாகச் சாப்பாட்டுக்கானதை நாங்களே விளைவித்தோம். வடக்குச் சரிவின் களிமண்ணில் முட்டைக்கோஸ், ஆற்றோர வண்டலில் வெங்காயமும் கேரட்டும். தெற்கே வெறும் சரளை. அங்கே அவரை மட்டும் பிடிவாதமாகக் காய்த்தது. நான் பணியில் சேர்ந்த காலத்தில், அளவைச் சங்கிலியின் ஒரு முனையை நானும் மறுமுனையைச் சங்கிலிக்காரரும் பிடித்துக்கொண்டு காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். பனியில் முழங்கால்வரை நனைந்து, மதியத்துக்குள் இன்றைய நிதி அமைச்சகத்தை அளந்து முடிப்போம். அன்று அது பட்டாணி. உயர் நீதிமன்றம் காலிஃபிளவர், தலைமைத் தபால் நிலையம் பீட்ரூட். சங்கிலிக்காரர் போகிற போக்கில் பட்டாணி பறித்துச் சட்டைப்பையை நிரப்பிக்கொள்வார். கேட்டால், "மாதிரி எடுக்கிறேன் சார், ஆபீஸ் வேலை" என்பார். தாங்கள் அமர்ந்திருக்கும் அறைக்கு நேர் கீழே முள்ளங்கி இருந்தது. நல்ல ரகம். இன்றும் தபால் நிலைய வரிசையில் நிற்கும்போது, பாத்தியை மிதித்துவிடக் கூடாதே என்று என் கால் தானாகத் தள்ளி நிற்கிறது.

4. ஓர் உண்மையை மறைப்பது முறையல்ல. அட்டவணையை ஆயிரம் டன்னில் எழுதும் வழக்கம் என்னால் வந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு இயந்திரத்தின் அகலத்துக்குள் பதினான்கு பயிர்கள் அடங்கவில்லை. கடைசி மூன்று இலக்கங்களை எடுத்துவிட்டால் அடங்கும் என்றேன். ஐந்நூறுக்குக் குறைந்த மிச்சத்தை விட்டுவிடலாம் என்றதும் நானே. அந்த ஆண்டு எங்கள் விளைச்சல் நாற்பத்தோராயிரத்து இருநூறு டன். இருநூறை விட்டோம்; யாருக்கும் உறைக்கவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது (நகல் இணைக்கப்பட்டுள்ளது). இப்போது எஞ்சியிருப்பது மேற்குக் கரையில் பதினொரு குடும்பங்கள், ஐம்பத்திரண்டு ஏக்கர், நானூற்று எழுபது டன். இன்னும் முப்பது டன் விளைந்திருந்தால் நாங்கள் இருந்திருப்போம்.

5. அந்தப் பதினொன்றில் ஒன்று என் அக்காவின் குடும்பம். ஆறு ஏக்கர் உருளைக்கிழங்கு. பூ விட்டு, மண்ணுக்குள் கிழங்கு பருக்கும் பருவம். இன்னும் மூன்று முறை தண்ணீர் பாய்ச்சுவது கட்டாயம். விவரத்தை விளக்கியபோது அவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏன்டா, முப்பது வருசம் ஊர் வயலெல்லாம் சுத்தி அளந்தியே, உன் கட்டத்துல எடம் பத்தலன்னு என் கிழங்கையா வெளியில தள்ளுவ? சாப்பிட மட்டும் வரத் தெரியுதுல்ல?" இதற்கான பதிலை நான் தங்கள் அலுவலகத்திடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

6. அட்டவணையைத் திருத்தி அச்சிடும்படி நான் கேட்கவில்லை. அதன் சிரமம் எனக்குத் தெரியும். பூஜ்யத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும், பக்கத்தின் அடியில் '470 டன்' என்ற குறிப்பும் போதும். அதன் நகல் ஒன்றைப் பொறியாளருக்கு ஒன்றாம் தேதிக்குள் அனுப்பிவைத்தால் மதகு திறந்தே இருக்கும். அடிக்குறிப்புக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு வரி இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்குத் தங்கள் அலுவலகத்தின் முன்னாள் ஊழியன்,
(கையொப்பம்)
அளவையாளர், ஓய்வு

இடம்: தலைநகரம்
நாள்: 24

பின்குறிப்பு (9ஆம் தேதி): தாங்கள் பயிற்சிக்காக வெளியூர் சென்றிருந்ததால் இம்மனு இன்றுதான் பெற்றுக்கொள்ளப்படுகிறது. மதகு ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மூடப்பட்டது. அக்கா நேற்று கிழங்கைத் தோண்டிவிட்டார். கோலிக்குண்டு அளவில் இருக்கின்றன.